இறந்த மாட்டின் கணக்கு

இயற்கையின் சீற்றத்தால் நஷ்டமடைந்த குடியானவனுக்குச் சர்க்கார் பொக்கிஷத்திலிருந்து பணம் கொடுக்கலாமா, கூடாதா என்ற விவாதம் இப்போது அநேகமாக ஓய்ந்துவிட்டது. கொடுக்க வேண்டியதுதான் என்று யாவரும் ஒப்புக் கொள்கிறார்கள். எவ்வளவு கொடுப்பது, யாருக்குக் கொடுப்பது என்பவற்றில்தான் சச்சரவு. ஆனால் எப்போது கொடுப்பது என்று ஒரு கேள்வி இருக்கிறதே, அதைப் பற்றி நாம் போதிய அளவு யோசிப்பதில்லை. அமெரிக்க ஐக்கிய நாட்டில், தெற்கு டகோடா ராஜ்யத்தின் மேற்குப் பகுதியில், 2013-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் நிகழ்ந்ததை நேயர்களுக்குச் சொன்னால் இந்தக் கேள்வியின் கனம் விளங்கும்.

அந்தப் பகுதியில் மீட் கவுண்டி என்று ஒரு பிரதேசம் இருக்கிறது. கவுண்டி என்பதை நம் வழக்கில் ஜில்லா என்று வைத்துக் கொள்ளலாம். பரப்பு சுமார் 3,470 சதுர மைல். 2010-ஆம் வருஷத்து ஜனக் கணக்கின்படி அங்கே வசித்தவர்கள் 25,000-க்குச் சற்று அதிகம். அதாவது ஒரு சதுர மைலுக்கு ஏழு பேர். தலைமை ஊரான ஸ்டர்ஜிஸில் ஆகஸ்டு மாதந்தோறும் மோட்டார் சைக்கிள்காரர்கள் லட்சக்கணக்கில் வந்து கூடி ஒரு பெரிய திருவிழா நடத்துகிறார்கள். அந்தச் சந்தடி ஓய்ந்த பிறகு எஞ்சியிருப்பவை புல்லும் ஆகாயமும் மாடுகளும்தான். மழை குறைந்த பூமியாதலால் பெரும் பகுதி உழவுக்கு உதவாது. எனவே மாட்டுப் பண்ணையே அங்கே பிரதான ஜீவனம்.

அந்த ஜீவனத்தின் வருஷக் கணக்கு மிகவும் எளியது. பசுக்கள் வசந்த காலத்தில் கன்று ஈனும். கோடை முழுவதும் தாயும் கன்றும் தொலைவிலுள்ள மேய்ச்சல் தரைகளில் திரியும். இலையுதிர் காலத்தில், அதாவது அக்டோபர், நவம்பர் மாதங்களில், கன்றுகளைப் பிரித்து விற்பார்கள். ஒரு வருஷத்துச் சாப்பாடும் துணியும் பாங்கிக் கடனின் வட்டியும் அந்த ஒரு விற்பனையிலிருந்துதான் வர வேண்டும். தாய்ப் பசுக்களோ அதற்குள் மறுபடியும் சினையாகியிருக்கும். அவற்றைக் குளிர் காலத்துக்காக, மரமும் பள்ளத்தாக்கும் உள்ள ஒதுக்கிடங்களுக்கு ஓட்டிக்கொண்டு வருவார்கள்.

அப்படி ஓட்டி வருவதற்கு முன்னால் புயல் வந்துவிட்டது. அட்லஸ் என்று ஒரு தனியார் டெலிவிஷன் நிலையத்தார் அதற்குப் பெயர் சூட்டினார்கள்; பெயர் நிலைத்துவிட்டது. அக்டோபர் 3-ஆந்தேதி முதலில் வந்தது மழை. பனி மட்டும் பெய்திருந்தால் மாடுகள் ஒருவாறு தாங்கியிருக்கும். குளிர் காலத்து அடர்ந்த ரோமம் இன்னும் முளைக்காத உடம்புகள் மழையில் தோல்வரை நனைந்தன. அதற்கு மேல் பனியும், மணிக்கு 70 மைல் வேகம் வரையில் அடித்த காற்றும் சேர்ந்தன. ராபிட் ஸிடி நகரத்தில் ஏறக்குறைய இரண்டடி உயரம் பனி விழுந்தது. பிளாக் ஹில்ஸ் மலைப் பகுதியில் நாலரை அடி வரையில் விழுந்த இடமும் உண்டு.

காற்றுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நடப்பது மாட்டின் சுபாவம். மந்தைகள் நடந்தன. வேலிகளுக்கு மேலாகப் பனி குவிந்து பாலம் போட்டுக் கொடுத்தது; அதன் மேல் ஏறி அடுத்தவர் நிலத்துக்குள்ளும், அதற்கப்பாலும், மைல் கணக்கில் நடந்தன. ஓடைகளில் விழுந்தவை எழுந்திருக்கவில்லை. களைத்து நின்றவை நின்ற இடத்திலேயே விறைத்தன. 5-ஆந்தேதி வானம் வெளுத்தபோது, தெற்கு டகோடாவின் மேற்குப் பகுதியில் இறந்து கிடந்த மாடுகளைப் பதினாயிரக் கணக்கில் சொல்ல வேண்டியிருந்தது. ஆடுகளும் குதிரைகளும் வேறு. மந்தையில் பாதியை இழந்தவர்கள் இருந்தார்கள்; பாதிக்கு மேல் இழந்தவர்களும் இருந்தார்கள்.

இம்மாதிரி சமயத்தில் அமெரிக்கக் குடியானவன் முதலில் போகும் இடம் ஒன்று உண்டு. மத்திய சர்க்காரின் விவசாய இலாகாவுக்குப் பெரும்பாலான கவுண்டிகளில் ஒரு காரியாலயம் இருக்கிறது. அங்கே சம்பளம் வாங்கும் உத்தியோகஸ்தர்களோடுகூட, உள்ளூர்க் குடியானவர்கள் தங்களுக்குள்ளேயே வோட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்த ஒரு கமிட்டியும் உண்டு. 1930-களில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் காலத்தில், பயிர் விலை வீழ்ச்சியைச் சமாளிக்க ஏற்பட்ட ஏற்பாட்டிலிருந்து வளர்ந்து வந்த பழக்கம் இது. நமக்கு இந்த ஏற்பாடு மிகவும் பிடித்திருக்கிறது. எந்தப் பண்ணையில் உண்மையில் எத்தனை மாடு இருந்தது என்பது வாஷிங்டனிலிருக்கும் மகா புத்திசாலிக்குத் தெரியாது. அடுத்த வேலிக்காரனுக்குத் தெரியும்.

ஆனால் 2013 அக்டோபர் 5-ஆந்தேதி அந்தக் காரியாலயத்தின் கதவு பூட்டியிருந்தது. வைத்திய இன்ஷ்யூரன்ஸ் சட்டத்தைப் பற்றிய தகராறில் காங்கிரஸ் சபையார் பட்ஜெட்டை நிறைவேற்றாமல் விட்டுவிட்டதால், அக்டோபர் முதல் தேதியிலிருந்து அமெரிக்க மத்திய சர்க்காரே பகுதிக்கு மேல் இழுத்து மூடப்பட்டிருந்தது. பதினாறு நாள் அப்படிக் கிடந்தது. மாடு செத்துப் போயிற்று என்று தெரிவிப்பதற்குக்கூட டெலிபோனை எடுத்துக் கேட்க ஆளில்லை.

பூட்டிய கதவு என்றாவது திறக்கும். அதைவிடப் பெரிய சங்கடம் வேறொன்று இருந்தது. கதவு திறந்திருந்தாலும் உள்ளே கொடுப்பதற்குப் பணமில்லை. கொடுக்கும்படி சொல்லும் சட்டமும் உயிரோடு இல்லை. 2008-ஆம் வருஷத்து விவசாயச் சட்டத்தில், புயலிலும் வெள்ளத்திலும் குளிரிலும் இறக்கும் கால்நடைகளுக்கு நஷ்டஈடு தருவதற்கு ஒரு திட்டம் இருந்தது. அந்தச் சட்டத்தின் மற்ற அம்சங்களெல்லாம் 2012 வரையில் செல்லும் என்று எழுதியவர்கள், செலவுக் கணக்கு அதிகமாகக் காட்டாமலிருப்பதற்காக, இத்திட்டத்துக்கு மட்டும் 2011 செப்டம்பர் 30-ஆந்தேதி என்று முடிவு கட்டியிருந்தார்கள். புதிய சட்டம் அதற்குள் வந்துவிடும் என்பது நம்பிக்கை. வரவில்லை. 2013 ஜனவரியில் பழைய சட்டத்துக்குச் சில மாதம் ஆயுள் நீட்டிப்புக் கொடுத்தபோது இத்திட்டத்தின் பெயரை எழுதினார்கள், பணத்தை எழுதவில்லை. அந்த நீட்டிப்பும் 2013 செப்டம்பர் 30-ஆந்தேதி முடிந்தது. மூன்றாம் நாள் மழை ஆரம்பித்தது.

கோதுமையும் சோளமும் பயிரிடுகிறவனுக்கு இந்த இடைவெளி அவ்வளவாகத் தெரியவில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். அவனுக்குச் சர்க்கார் உதவியோடு நடக்கும் பயிர் இன்ஷ்யூரன்ஸ் இருந்தது. அந்த ஏற்பாட்டுக்கு முடிவு தேதி கிடையாது. புல்லையும் மாட்டையும் நம்பியவன்தான் நடுவில் அகப்பட்டுக் கொண்டான். 2012-ஆம் வருஷத்துக் கடும் பஞ்சத்தில் புல் கருகிப் போனபோதும் இதே கதைதான். பலர் தீனி வாங்க முடியாமல் மந்தையைக் குறைத்து விற்றார்கள். மிச்சமிருந்த நல்ல மாடுகளைத்தான் அட்லஸ் கொண்டு போயிற்று.

இனிமேல் வருவதுதான் நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. சட்டமில்லை, பணமில்லை, ஆளில்லை என்ற நிலையில் அந்தப் பண்ணைக்காரர்கள் என்ன செய்தார்கள்? இறந்த மாட்டை எண்ணினார்கள். என்றாவது ஒரு நாள் சட்டம் வந்தால் அன்றைக்கு அத்தாட்சி கேட்பார்கள் என்று ராஜ்ய உத்தியோகஸ்தர்களும் மாட்டுக்காரர் சங்கங்களும் அவர்களுக்குப் புத்தி சொன்னார்கள். ஒவ்வொரு பிணத்தையும் போட்டோப் பிடித்து வைத்துக் கொள்ளுங்கள். தேதியைக் குறித்துக் கொள்ளுங்கள். மிருக வைத்தியரையோ, சம்பந்தமில்லாத மூன்றாவது மனிதரையோ அழைத்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். கொள்முதல் ரசீது, பாங்கிக்குக் கொடுத்த மாட்டுக் கணக்கு எதையும் எறிந்துவிடாதீர்கள் என்றார்கள்.

சொல்வது சுலபம். சேற்றிலும் உருகும் பனியிலும் பத்து மைல், இருபது மைல் தூரத்துக்குச் சிதறிக் கிடக்கின்றன. பல மந்தைகள் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன. சூட்டுக் குறியையும் காதில் மாட்டிய வில்லையையும் பார்த்துத்தான் யாருடையது என்று தெரிந்து கொள்ள வேண்டும். குறி தெரிவதற்கு விறைத்த உடம்பைப் புரட்ட வேண்டும். இதற்கிடையில், இறந்த கால்நடையை 36 மணி நேரத்துக்குள் எரிக்கவோ, புதைக்கவோ, அதற்கென்று உள்ள ஆலைக்கு அனுப்பவோ வேண்டும் என்பது தெற்கு டகோடாவின் ராஜ்யச் சட்டம். வியாதி பரவாமலிருப்பதற்காக ஏற்பட்ட நல்ல சட்டந்தான். ஆகவே ஒரு சட்டம் பிணத்தைச் சீக்கிரம் புதை என்றது. இன்னும் பிறக்காத மற்றொரு சட்டம் பிணத்தைச் சாட்சிக்கு வைத்திரு என்றது. பக்கத்துக் கவுண்டியான பென்னிங்டனில் பெரிய குழிகள் வெட்டி வைத்து, கொண்டு வந்து போடச் சொன்னார்கள். அங்கே வண்டியிலிருந்து இறக்கும்போதே எண்ணிக் குறித்துக் கொண்டார்கள்.

பெயர் வைத்து வளர்த்த பசுவைக் குழியில் தள்ளுவதற்கு முன் அதன் காது வில்லையின் நம்பரைப் படித்துக் குறித்துக் கொள்ள வேண்டியிருந்தவனின் மனம் எப்படி இருந்திருக்கும்? நஷ்டஈட்டுப் பாரத்தில் அதற்குக் கட்டம் கிடையாது.

இவ்வளவு அத்தாட்சி எதற்கு, நஷ்டமடைந்தவன் சொல்லை நம்பினால் என்ன என்று இரக்கமுள்ள நேயர்கள் கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். அதற்குப் பதில் அமெரிக்கர்களின் சொந்த அநுபவத்திலேயே இருக்கிறது. 2002-ஆம் வருஷத்துப் பஞ்சத்தை முன்னிட்டு விவசாய இலாகாவினர் அவசர அவசரமாக ஒரு கால்நடை நிவாரணத் திட்டம் வகுத்தார்கள். நஷ்டத்தை நிரூபிக்க வேண்டியதில்லை. மாடு இருந்தால் போதும். மாடு இருக்கும் கவுண்டி ஏதாவதொரு காரணத்துக்காக ஆபத்துப் பிரதேசம் என்று அறிவிக்கப்பட்டிருந்தால் போதும். எந்த ஆபத்து என்று கேள்வியில்லை. 2003 பிப்ரவரியில் கொலம்பியா என்ற ஆகாய விண்கலம் டெக்ஸஸ் ராஜ்யத்துக்கு மேலே சிதறி ஏழு வீரர்கள் உயிரிழந்த பரிதாபச் சம்பவம் நேயர்களுக்கு நினைவிருக்கும். அதன் சிதறல்களைப் பொறுக்குவதற்காகக் கிழக்கு டெக்ஸஸில் ஆபத்துப் பிரகடனம் செய்தார்கள். அந்தப் பிரகடனத்தைக் காட்டி அங்குள்ள மாட்டுக்காரர்கள் பஞ்ச நிவாரணப் பணம் வாங்கிக் கொண்டார்கள்! 'வாஷிங்டன் போஸ்ட்' பத்திரிகை 2006-ஆம் வருஷத்தில் இதையெல்லாம் ஆராய்ந்து வெளியிட்டது. திட்டத்துக்குச் செலவான 120 கோடி டாலரில் பாதிக்கு மேல், பஞ்சமே இல்லாத அல்லது சொற்பமாகவே இருந்த இடங்களுக்குப் போயிருந்தது என்று அந்தப் பத்திரிகை காட்டிற்று. இவர்களில் பலர் கேட்டு வாங்கியவர்கள்கூட அல்ல. சர்க்கார் கூப்பிட்டுக் கொடுத்தது.

ஆபத்து நேர்ந்த பிறகு அவசரத்தில் போடும் திட்டத்தின் லட்சணம் இது. ஒரு சமயம் கேட்காதவனுக்கும் அள்ளிக் கொடுக்கிறது; மற்றொரு சமயம், அந்த வருஷத்துக் காங்கிரஸ் சபைக்கு வேறு சண்டை இருந்தால், உண்மையில் இழந்தவனை வாசலில் நிறுத்தி வைக்கிறது. வைத்த விதி முன்கூட்டியே இருந்தால் அத்தாட்சி கேட்பதில் அவமானமில்லை. விதியே இல்லாதபோது அத்தாட்சி சேர்த்து வைத்துக்கொண்டு காத்திருப்பதுதான் கொடுமை.

காத்திருந்த காலத்தில் அவர்களுக்குக் கை கொடுத்தவர்கள் அண்டை அயலார். தெற்கு டகோடாவின் மாட்டுக்காரர் சங்கங்களும் ஆட்டுக்காரர் சங்கமும் புயல் ஓய்ந்த சில நாளிலேயே ஒரு நிதி திரட்ட ஆரம்பித்தார்கள். அதில் 50 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. மற்றொரு உதவி நம்மை இன்னும் அதிகமாகக் கவர்கிறது. மொன்டானா முதலிய அண்டை ராஜ்யங்களிலிருந்து பண்ணைக்காரர்கள் தங்கள் மந்தையிலிருந்து சினைக் கிடாரிகளைப் பிரித்து லாரிகளில் ஏற்றி அனுப்பினார்கள். நூற்றுக் கணக்கான கிடாரிகள் அப்படி வந்து சேர்ந்தன. பணமாகக் கொடுத்திருந்தால் பாங்கிக்காரர் எடுத்துக் கொண்டிருப்பார். மாடாக வந்தது மந்தையில் நின்றது. ஆயினும் இந்தத் தருமமெல்லாம் நஷ்டத்தின் ஒரு சிறு பாகத்துக்குத்தான் ஈடாகும் என்பதைக் கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் அறிந்தே இருந்தார்கள்.

கடைசியில் 2014 பிப்ரவரி 7-ஆந்தேதி புதிய விவசாயச் சட்டத்தில் ஜனாதிபதி ஒபாமா கையெழுத்திட்டார். கால்நடை நஷ்டஈட்டுத் திட்டத்தை அது மீண்டும் உயிர்ப்பித்தது. அதோடு, 2011 அக்டோபர் முதல் தேதியிலிருந்தே அது அமலில் இருந்ததாகப் பாவிக்கச் சொல்லிற்று. இனி இத்திட்டத்துக்கு முடிவு தேதி இல்லை என்றும் சொல்லிற்று. ஏப்ரல் 15-ஆந்தேதி முதல் மனு வாங்கினார்கள். புயலடித்து ஆறு மாதமும் சில நாளும் ஆகியிருந்தன. எண்ணி வைத்திருந்தவர்கள் போட்டோக்களையும் வைத்தியர் கடிதங்களையும் எடுத்துக்கொண்டு காரியாலயத்துக்குப் போனார்கள்.

கிடைத்தது எவ்வளவு என்று கேட்டால், இறந்த மாட்டின் சராசரிச் சந்தை விலையில் நூற்றுக்கு 75 பங்கு. அதிலும், புயலில்லாவிட்டாலும் வருஷத்தில் சில மாடுகள் இறக்கத்தானே செய்யும் என்று அந்தச் சகஜமான சாவைக் கழித்துக் கொண்டார்கள். உதாரணமாக, சகஜமான சாவு நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்துக்கொண்டால், 200 மாடு வைத்திருந்தவனுக்கு முதல் மூன்று மாடும் கணக்கில் சேராது. பஞ்ச நிவாரணமும் இதுவும் சேர்ந்து ஒரு வருஷத்துக்கு ஒருவருக்கு 1,25,000 டாலருக்கு மேல் இல்லை என்ற வரம்பும் இருந்தது. கால்நடைச் சாவு சம்பந்தப்பட்டவரையில் 2018-இல் அந்த வரம்பை எடுத்துவிட்டார்கள். முழு விலையும் தராததில் நியாயம் உண்டு என்றே நாம் கருதுகிறோம். கால்வாசி நஷ்டம் தன் தலையில் விழும் என்று தெரிந்தால்தான் மனிதன் அடுத்த அக்டோபரில் வானத்தைப் பார்ப்பான்.

அதே சட்டம் புல் கருகும் நஷ்டத்துக்கும் வழி செய்தது. அதில் மாட்டை எண்ண வேண்டிய சாவு இல்லை. ஆகையால் அத்தாட்சி ஒரு படத்தில் இருக்கிறது. நெப்ராஸ்கா சர்வகலாசாலையிலுள்ள பஞ்ச ஆராய்ச்சி நிலையமும் மத்திய சர்க்காரின் வானிலை, விவசாய இலாகாக்களும் சேர்ந்து 1999-ஆம் வருஷம் முதல் வாரந்தோறும் வியாழக்கிழமை ஒரு வர்ணப் படம் வெளியிடுகிறார்கள். கவுண்டியின் எந்த மூலையிலாவது குறிப்பிட்ட கடுமைக்கான வர்ணம் விழுந்து, குறிப்பிட்ட வாரங்கள் நீடித்தால் பணம் வருகிறது. வர்ணம் விழுந்த மூலைக்கும் தன் புல்லுக்கும் நாற்பது மைல் இருந்தாலும் வாங்கலாம். எல்லைக் கோட்டுக்கு அந்தண்டை நிற்பவன் தன் காய்ந்த புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். வியாழக்கிழமைப் படத்தை அங்குள்ளவர்கள் ராசிபலன் பார்ப்பதுபோல் பார்க்கிறார்கள் என்றால் ஆச்சரியமில்லை.

இவ்வளவு செய்த பிறகும் பழைய வழக்கம் விட்டுவிடவில்லை. நிரந்தரத் திட்டங்கள் எட்டாத நஷ்டங்களுக்குக் காங்கிரஸ் சபையார் அவ்வப்போது தனிச் சட்டம் போட்டுக் கொண்டுதான் இருக்கிறார்கள். 2024 டிசம்பர் 21-ஆந்தேதி கையெழுத்தான சட்டத்தில் விவசாயிகளுக்கென்று சுமார் 3,100 கோடி டாலர் ஒதுக்கினார்கள். அதில் ஏறக்குறைய 2,100 கோடி, 2023, 2024 வருஷங்களில் நேர்ந்த இயற்கை விபத்துக்களுக்காக. 2023-ஆம் வருஷத்துப் பஞ்சத்தில் தீனி வாங்கிக் கடன்பட்டவனுக்கு 2025-ஆம் வருஷத்தில் பணம் வந்தது. கடனுக்கு இரண்டு வருஷத்து வட்டி யார் கொடுப்பது என்று சட்டத்தில் எழுதவில்லை.

அந்த 2025-இலேயே அக்டோபர் முதல் தேதி மறுபடியும் மத்திய சர்க்கார் மூடப்பட்டது. இந்தத் தடவை 43 நாள். கவுண்டிக் காரியாலயங்களும் மூடின. ஆனால் இந்தத் தடவை மூன்று வாரத்துக்குப் பிறகு, அக்டோபர் 23-ஆந்தேதி, காரியாலயத்துக்கு இரண்டு பேராகச் சுமார் 2,100 காரியாலயங்களைத் திறந்து வைத்தார்கள். கதவு பூட்டியிருப்பதன் விலை யாருக்கோ ஞாபகமிருந்திருக்கிறது.

அதே வருஷம் ஜூலை மாதத்தில் நிறைவேறிய சட்டத்தில் ஒரு சிறு ஷரத்து இருக்கிறது. அமெரிக்கப் பத்திரிகைகளில் பெரிய தலைப்புகளெல்லாம் வரிகளைப் பற்றியே இருந்தபடியால் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டார்கள். சினைப் பசு இறந்தால், அதன் வயிற்றிலிருந்த கன்றுக்கும் ஒரு தொகை சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது அந்த ஷரத்து. முன்பெல்லாம் பசு ஒன்று என்றுதான் கணக்கு. அட்லஸ் புயலில் இறந்த பசுக்களில் மிகப் பல சினையாயிருந்தவை. 2014-ஆம் வருஷத்து வசந்தத்தில் பிறந்திருக்க வேண்டிய கன்றுகள் எந்தப் பாரத்திலும் ஏறவில்லை. புதிய ஷரத்தையும் முன்தேதியிட்டுத்தான் அமலாக்கியிருக்கிறார்கள். 2024 ஜனவரி முதல் தேதிவரையில் அது பின்னோக்கிச் செல்கிறது.